மிருதங்கம்: கையடக்கத் தொலைபேசி

இசைக் கச்சேரி அழைப்பிதழ்களில் அண்மைக் காலமாக ஒரு வரி காணாமற் போய்க்கொண்டிருக்கின்றது. பாடுபவரின் பெயர் இருக்கின்றது. அவருடைய குருவின் பெயர், பிரதம விருந்தினரின் பெயர், மங்கல விளக்கேற்றும் தம்பதியரின் பெயர், வரவேற்புரையும் நன்றியுரையும் நிகழ்த்துவோரின் பெயர்கள், ஒலியமைப்பு, மண்டப அலங்காரம், சிற்றுண்டி அனுசரணை என எல்லாமே இருக்கின்றன. 'அணிசெய் கலைஞர்கள்' என்று தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டு, அதன் கீழ் வயலின், மிருதங்கம், கடம், முகர்சிங் என்று நாலைந்து பெயர்கள் வரும் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கின்றது. அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு மென்பொருள். அதற்குப் பெயர் போடத் தேவையில்லை, பொன்னாடை போர்த்தத் தேவையில்லை, இரவு வீட்டுக்குக் கொண்டுபோய் விட வாகனமும் தேவையில்லை. ஏற்பாட்டாளர்களுக்கு அது ஏன் இவ்வளவு இனிக்கின்றது என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். தானியங்கிப் பக்கவாத்திய மென்பொருள்களை வீட்டில் வைத்துச் சாதகம் செய்வதற்கு நான் எதிரியல்லன். மேடையில், அதுவும் கர்நாடக இசை மேடையில், மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றை வைப்பதற்கு நான் எதிரி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து, 'வீட்டில் சரியென்றால் மேடையில் ஏன் பிழை?' என்று கேட்பவர்களுக்காகவே இதனை எழுதுகின்றேன்.

இந்தக் கருவிகளின் கதை பலர் நினைப்பதுபோல நேற்றுத் தொடங்கியதன்று. 1950இல் நியூயோர்க்கில் 'மியூசிக் மைனஸ் வன்' என்ற நிறுவனம் ஒரு வாத்தியம் மட்டும் இல்லாத இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கியது. குழு முழுவதும் வாசிக்கும், உங்களுடைய பகுதியை நீங்கள் வீட்டில் இருந்தபடி வாசித்து நிரப்ப வேண்டும். 1967இல் ஜேமி ஏபர்சோல்ட் என்ற ஜாஸ் ஆசிரியர் இதே முறையில் தமது பயிற்சித் தொகுதிகளின் முதலாவதைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஜாஸ் கற்ற ஒரு தலைமுறையே அவற்றோடு வாசித்து வளர்ந்தது எனலாம். 1990இல் கனடாவின் பி.ஜி. மியூசிக் நிறுவனம் 'பாண்ட் இன் அ பொக்ஸ்' என்ற கணினி மென்பொருளை வெளியிட்டது. பாட்டின் கோர்ட்களைத் தட்டச்சுச் செய்து, எந்தப் பாணி என்பதையும் தெரிவு செய்துவிட்டால் போதும். ட்ரம்ஸ், பேஸ், பியானோ, கிற்றார் எல்லாவற்றையும் கணினியே அமைத்து வாசித்துவிடும். பின்னர் வந்த பதிப்புகளில் கணினியின் செயற்கை ஒலிக்குப் பதிலாக உண்மையான கலைஞர்கள் வாசித்துப் பதிவுசெய்த துண்டுகளே பொருத்தமாக வெட்டி ஒட்டப்படுகின்றன.

நம்முடைய பக்கத்திலும் கதை பழையதுதான். பெங்களூரைச் சேர்ந்த பொறியியலாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் இலத்திரனியல் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ரடெல் நிறுவனத்திலிருந்து தாளம் போடும் பெட்டிகளும் பின்னர் வந்தன. இன்று அவையெல்லாம் கையடக்கத் தொலைபேசிக்குள் செயலிகளாகச் சுருங்கிவிட்டன. தம்புராவும் தபேலாவும் மிருதங்கமும் விரும்பிய சுருதியில், விரும்பிய காலத்தில், சலிக்காமல் ஒலிக்கின்றன. கீபோட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இடது கையால் ஒரு கோர்ட்டை அழுத்திப் பிடித்தால் முழுக் கோஷ்டியும் அதற்குள்ளிருந்து வாசிக்கும். எழுபதுகளில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்திறங்கிய இன்னிசைக் கோஷ்டி, ஒரு மனிதரும் ஒரு கீபோட்டுமாகக் குறுகியது இப்படித்தான்.

மெல்லிசையை நான் இங்கு விட்டுவிடுகின்றேன். பாட்டு முன்னரே முழுமையாக அமைக்கப்பட்டு, மேடையில் அப்படியே திருப்பிப் பாடப்படும்போது, பின்னணி ஒலி பெட்டியிலிருந்து வந்தால் நட்டம் தொழிலுக்கு. இசைக்கு அவ்வளவு இல்லை. கர்நாடக இசையில் நிலைமை வேறு.

மிருதங்கக் கலைஞர் மேடையில் என்ன செய்கின்றார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தாளம் போடுகின்றார் என்று நினைப்பவர்கள் தாம் அவருக்குப் பதிலாகப் பெட்டியை வைக்கின்றார்கள். தாளத்தைப் பாடகரே கையால் போட்டுக்கொள்கின்றார். மிருதங்கக் கலைஞரின் வேலை பாட்டைக் கேட்பது. பல்லவியின் முதற் சங்கதிக்கு எளிமையாக வாசிப்பார். சங்கதிகள் அடர அடர அவருடைய சொற்களும் அடரும். அநுபல்லவியில் குரல் மேலே ஏறும்போது வலந்தலையை ஒதுக்கித் தொப்பியின் கும்காரத்தால் தாங்குவார். வரி முடிந்து பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியை மட்டும் அளந்து நிரப்பிவிட்டு ஒதுங்குவார். கீர்த்தனை சமத்தில் தொடங்காமல் அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுப்பதாக இருந்தால், தீர்மானம் அந்த எடுப்பிலே வந்து விழ வேண்டும். கற்பனை சுரத்தில் பாடகர் எந்தக் கணக்கில் போகப்போகின்றார் என்பது அந்தக் கணம் வரை பாடகருக்கே தெரியாது. அதைப் பாதி வழியில் ஊகித்துக் கூடவே போய் ஒன்றாக முடிப்பதற்குத்தான் இருபது வருட உழைப்புத் தேவைப்படுகின்றது.

வயலினுக்கு இதைவிடச் சங்கடமான வேலை. இராக ஆலாபனையில் தாளமே கிடையாது. பாடகரின் பிடி முடிவதற்குள் அதன் நிழல்போல வில் தொடர வேண்டும். பின்னர் தன் முறை வரும்போது அதே இராகத்தைத் தன் வழியில் சொல்ல வேண்டும். விருத்தத்திலும் அப்படியே. இதை எந்தச் செயலியில் போட்டு வாசிக்க வைப்பார்கள்? வைக்க முடியாது என்பதால்தான், தொலைபேசியை வைத்துக் கச்சேரி செய்பவர்களின் நிகழ்ச்சிகளில் ஆலாபனை இரண்டு நிமிடமாகச் சுருங்குகின்றது, நிரவல் ஒழிகின்றது, தனியாவர்த்தனம் என்ற பேச்சே எழுவதில்லை. கருவிக்கு ஏற்றபடி கச்சேரி வெட்டப்படுகின்றது. பாட்டுக்குப் பக்கவாத்தியம் என்பது போய்ப் பெட்டிக்குப் பக்கப்பாட்டு என்றாகிவிடுகின்றது.

கொழும்பில் ஒரு நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். இடத்தையும் பெயரையும் சொல்வது நாகரிகமன்று. பாடிய பிள்ளை நல்ல சாரீரமுள்ள பிள்ளை. ஆதி தாளக் கீர்த்தனை ஒன்றில் சிறியதொரு நிரவலுக்குப் பின் எடுப்புக்குத் திரும்பும்போது பதற்றத்தில் அரை இடம் முந்திவிட்டார். பக்கத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால், அனுபவம் குறைந்த இளைஞராகவே இருந்திருந்தாலும், ஒரு கண் சாடை போதும். பிள்ளை போன இடத்துக்கு அவர் தாவியிருப்பார், சபைக்குத் தெரிந்தே இராது. கச்சேரிகளில் இவ்விதம் காப்பாற்றப்பட்ட பாடகர்கள் எத்தனை பேர் என்று மிருதங்கக் கலைஞர்கள் வாய்திறந்தால் பல பட்டங்களும் விருதுகளும் ஆட்டங்காணும்! அன்று அந்தத் தொலைபேசி தன்பாட்டில் தட்டிக்கொண்டே போனது. கீர்த்தனை முடியும் வரை பாட்டு ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாக நடந்தன. பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்தேன். அடுத்த பாட்டுக்குத் தொலைபேசியின் சுருதியை மாற்றுவதற்கு மேடையிலேயே கண்ணாடியைத் தேடிய ஆசிரியரையும் பார்த்தேன்.

'தொழில்நுட்பம் வளரும், நாளைக்கு அதுவும் பாடகரைப் பின்தொடரும்' என்பார்கள். பின்தொடரும் தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. 1984இலேயே ரொஜர் டனன்பேர்க்கும் பரி வேர்க்கோவும் தனித்தனியே, வாசிப்பவரைக் கேட்டு அவருடைய வேகத்துக்கேற்ப உடன்வாசிக்கும் கணினி முறைகளை வெளிப்படுத்தினர். அதன் வழிவந்த மென்பொருள்களை மேலைநாட்டுப் பாடசாலைகளில் மாணவர்கள் பயன்படுத்துகின்றார்கள். ஆனால் அந்தக் கணினியின் கையில் முழு இசையும் எழுதப்பட்ட தாள் இருக்கின்றது. அடுத்து வரவேண்டிய சுரம் எதுவென்று அதற்கு முன்பே தெரியும், எப்போது வரும் என்பதை மாத்திரமே அது கண்டுபிடிக்கின்றது. தோடி ஆலாபனைக்குத் தாள் எங்கே இருக்கின்றது? ஒரு காலத்தில் அதற்கும் வழி கண்டுபிடிக்கப்படலாம். கண்டுபிடிக்கப்படும் நாளில் அதைப்பற்றி எழுதுவோம். இன்று மேடையில் வைக்கப்படுவது அந்த நாளைய அற்புதமன்று. ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பத் தட்டும் செயலிதான்.

அடுத்த வாதம் வயலினைப் பற்றியது. எங்கிருந்தோ வந்த வயலினை ஏற்றுக்கொண்டோம், ஒலிவாங்கியை ஏற்றுக்கொண்டோம், இதை ஏன் ஏற்கக்கூடாது? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். வயலினை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் கற்று, நம்முடைய கமகங்களுக்கு வளைத்து, மடியில் சாய்த்து வாசிக்கும் முறையில் நிலைபெறச் செய்தார்கள். அது வந்ததனால் மேடையில் ஒரு மனிதர் கூடினார். ஒலிவாங்கி வந்தபோது அதனை வெறுத்தவர்களில் பாலக்காடு மணி ஐயரும் ஒருவர். நாதத்தின் நயம் கெடுகின்றதென்ற அவருடைய குறை ஒலியைப் பற்றியது. ஆயினும் ஒலிவாங்கி அவரை மேடையிலிருந்து எழுப்பவில்லை. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒதுக்கிவைத்தது. அது மிகையான தண்டனை என்றே நான் கருதுகின்றேன். இவை எல்லாம் எந்தக் கருவியை வாசிப்பது என்பது பற்றிய சண்டைகள். இப்போதைய கேள்வி வாசிப்பதற்கு ஆள் வேண்டுமா என்பது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்களுள் நம்மவர் ஒருவரும் இருக்கின்றார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1909இல் வெளியிட்ட தேசியம் பற்றிய கட்டுரைத் தொகுதியிலே கிராமபோனைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை இருக்கின்றது. 'கிராமபோன்கள் – ஏன் கூடாது?' என்பது அதன் தலைப்பின் பொருள். இயந்திரம் வீட்டுக்குள் வரும்போது பாடுபவன் வெளியேறுகின்றான் என்ற கவலை அவருக்கு அப்போதே இருந்தது. அவர் பயந்த அளவுக்குக் கிராமபோன் செய்யவில்லை. அதனால் நாம் பெற்ற செல்வமும் பெரிது. இசைத்தட்டு இல்லையேல் அரியக்குடியையும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் இன்றைய பிள்ளைகள் எங்கே கேட்பது? ஆனால் கிராமபோனை எவரும் மேடையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடவில்லை. கல்யாண வீட்டில் கெட்டிமேளத்தை இறுவட்டிலிருந்து ஒலிக்கவிடும் துணிவு நமக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. அளவெட்டியும் இணுவிலும் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர்கள். அந்த ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகளுக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தாலி ஏறும்போது ஒலிபெருக்கிக்குள்ளிருந்து மேளம் வருகின்றது. ஒருமுறை ஓர் இறுவட்டு சிக்கி, மாங்கல்யதாரணத்தின்போது அதே கால் நிமிடம் மூன்று தடவை ஒலித்ததாக நண்பரொருவர் சொன்னார். ஐயர் ஒன்றும் நடவாததுபோல மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சரி, பணத்துக்கு வருவோம். மற்றைய வாதங்கள் எல்லாம் இதற்கு மேல் போர்த்திய சால்வைகள்.

'பக்கவாத்தியக்காரருக்குக் கொடுக்கக் கட்டுபடியாகவில்லை' என்று சொல்லும் நிகழ்ச்சியின் செலவுக் கணக்கை ஒருநாள் யாராவது வெளியிடட்டும். மண்டபத்துக்குப் பணம் இருக்கின்றது. மேடை மலர்களுக்கு, காணொளிப் படப்பிடிப்புக்கு, பளபளப்பான சிறப்பு மலருக்கு, இராப்போசனத்துக்குப் பணம் இருக்கின்றது. புலம்பெயர் நாடுகளின் அரங்கேற்றங்களைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆறு தடவை உடை மாற்றும் அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கத்தையும் பாட்டையும் மிருதங்கத்தையும் இறுவட்டில் போட்டு ஆடவிடுகின்றார்கள். பிள்ளையின் கால் தட்டுக்கும் மிருதங்கத்தின் சொல்லுக்கும் நடுவே நடக்கும் உரையாடல்தான் பரதநாட்டியத்தின் உயிர். அந்த உரையாடலில் ஒரு பக்கம் பதில் சொல்லாது என்றால் எஞ்சுவது உடற்பயிற்சி. அரங்கேற்றத்துக்கு அணிசெய் கலைஞர்களைச் சென்னையிலிருந்து விமானத்தில் அழைக்கும் பெற்றோரையும் நான் கண்டிருக்கின்றேன். அவர்களைப் பகட்டென்று ஏசுபவர்கள், குறைந்தபட்சம் அங்கே வாசித்த ஐந்து பேருக்குக் கூலி கிடைத்தது என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் இரண்டு தெரு தள்ளி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் பயின்று பட்டம் பெற்ற ஒருவர் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார். அவரை எவரும் கேட்பதில்லை.

இதிலே பெரியவர்களுக்கு வரும் பாதிப்பைவிட இளையவர்களுக்கு வரும் பாதிப்பே என்னை அதிகம் உறுத்துகின்றது. புகழ்பெற்ற வித்துவான் பாடும்போது எவரும் தொலைபேசியை வைக்கப்போவதில்லை. தொலைபேசி வைக்கப்படுவது கன்னிக் கச்சேரிகளில், பாடசாலை விழாக்களில், கோயில் மண்டபத்து நவராத்திரி நிகழ்ச்சிகளில், சிறுவர்களின் அரை மணி நேரப் பாட்டுகளில். அவைதாம் இளம் மிருதங்கக் கலைஞனின் பள்ளிக்கூடம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் எல்லாவற்றிலும் சித்தியெய்தினாலும், தடுமாறும் ஒரு பாடகியின் பின்னால் நாற்பது நவராத்திரி வாசித்தவனுக்குத்தான் வாசிப்பென்றால் என்ன என்பது தெரியும். அந்தப் படிகளை எல்லாம் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, இருபது வருடம் கழித்து மேல்படியில் நிற்பதற்கு ஆளைத் தேடினால் எங்கிருந்து வருவான்?

'எங்கள் ஊரில் பக்கவாத்தியக்காரரே இல்லை' என்ற முறைப்பாடும் உண்டு. நோர்வேயின் ஒரு சிறிய பட்டினத்திலிருந்து ஒரு தாய் இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பேன். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா ஊரடங்கிலே, இணையத்தின் தாமதத்தால் இருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிக்க இயலாதபோது, முன்னரே பதிவுசெய்த மிருதங்கத்தோடு பாடியவர்களையும் குறைசொல்லமாட்டேன். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் ஏற்பதற்கில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். இலத்திரனியல் சுருதிப்பெட்டி வைத்திருந்தவர்களும் அதை மூடிவைத்துவிட்டுத் துருத்தி வைத்த பழைய பெட்டியைத் தூசு தட்டி எடுத்தார்கள். கோயில்களில் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் பாடினார்கள். பக்கத்தில் மிருதங்கம் வாசிக்க மனிதர் இருந்தார்.

வேறு நாட்டுக் கலைஞர்கள் இப்படிச் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் 1942 ஓகஸ்ட்டில் இசைத்தட்டுப் பதிவுகளையே நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்கள் 1944 நவம்பரிலேயே பணிந்தன. பதிவிசையால் வரும் வருமானத்தில் ஒரு பங்கு நிதியமொன்றுக்குச் செலுத்தப்பட்டு, அந்தப் பணத்தில் மனிதர் வாசிக்கும் இலவசக் கச்சேரிகள் நடத்தப்பட்டன. 2003 மார்ச்சில் பிராட்வே இசைநாடக அரங்குகளில் வாத்தியக் கலைஞர்களின் ஆகக்குறைந்த எண்ணிக்கையை வெட்ட முனைந்த தயாரிப்பாளர்கள், வேலைநிறுத்தம் வந்தால் கணினி வாத்தியக் குழுவை வைத்து நடத்துவோம் என்று ஒத்திகையும் பார்த்தார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளரும் வாத்தியக் கலைஞர்களின் மறியலைத் தாண்ட மறுத்தார்கள். நான்கு நாட்கள் அரங்குகள் இருண்டன. பெரிய அரங்குகளில் 24 முதல் 26 வரை இருந்த ஆகக்குறைந்த எண்ணிக்கை 18, 19 ஆகக் குறைந்தது என்பதும் உண்மை. முழு வெற்றி அன்று. ஆனாலும் அந்த இடத்தில் கணினி உட்காரவில்லை. நம்முடைய நிலையில் நினைத்துப் பாருங்கள்: மிருதங்கக்காரர் இல்லாவிட்டால் நான் பாடமாட்டேன் என்று எழுந்து நிற்கும் பாடகர் நம்மிடையே எத்தனை பேர்?

இரசிகர்களையும் விட முடியாது. தனியாவர்த்தனம் தொடங்கியதும் தேநீருக்கு எழுந்து போகும் வழக்கம் நமக்கு அறுபது வருட வழக்கம். 'பக்கவாத்தியங்கள் அனுசரணையாக அமைந்தன' என்ற ஒற்றை வரியோடு முடியும் பத்திரிகை விமர்சனங்களும் அதே வயதுடையவை. வாசிப்பவரை இவ்வளவு காலமும் தளபாடமாக நடத்தியவர்கள், தளபாடம் மாற்றப்படும்போது துள்ளி எழப்போவதில்லை.

சாதகத்துக்கு எதிரியல்லன் என்றேன். அதிலும் ஒரு வரம்பு உண்டு. தம்புராச் செயலி நல்லது. தனியே இருக்கும் மாணவிக்கு எந்நேரமும் சுருதி கிடைக்கின்றது. ஒரு வர்ணத்தை மூன்று காலங்களில் பாடிப் பழகத் தாளப்பெட்டி உதவும், தான் ஓடுகின்றோமா இழுக்கின்றோமா என்பதை ஈவிரக்கமில்லாமல் காட்டும். பாண்ட் இன் அ பொக்ஸும் ஒரு கிற்றார் மாணவனுக்கு நள்ளிரவிலும் அலுக்காத துணை. ஆனால் தாளத்தைக் கையில் போடாமல், காதில் விழும் தட்டலை நம்பியே பாடும் பிள்ளைகள் இப்போது வருகின்றார்கள். தொலைபேசியை நிறுத்திவிட்டுப் பாடச் சொன்னால் எட்டு அட்சரம் தாண்டுவதற்குள் காலப்பிரமாணம் ஓடிவிடுகின்றது. பெட்டியோடு பத்து முறை பாடினால் பெட்டியில்லாமல் பத்து முறை பாடவைப்பது ஆசிரியரின் பொறுப்பு. அதைச் செய்கின்ற ஆசிரியர்களும் இருக்கின்றார்கள், அவர்களிடம் எனக்குச் சண்டையில்லை.

சபாக்களிடமும் மன்றங்களிடமும் நான் கேட்பது தடையன்று. தடைகளுக்கு என்ன ஆகுமென்பதை வானொலியின் ஹார்மோனியக் கதை காட்டிவிட்டது. மென்பொருளை வைத்துத்தான் கச்சேரி நடத்துவோம் என்றால் அதை அழைப்பிதழில் ஒளிக்காமல் அச்சிடுங்கள். 'அணிசெய் கலைஞர்கள்' என்ற தலைப்பை எடுத்துவிடாமல் அதன் கீழே 'மிருதங்கம்: கையடக்கத் தொலைபேசி' என்று போடுங்கள். அன்றைய மிருதங்கக் கலைஞருக்குக் கொடுத்திருக்க வேண்டிய தொகையை, அமெரிக்கர்கள் செய்ததுபோல, ஒரு நிதியத்தில் இடுங்கள். ஆண்டு முடிவில் அந்தப் பணத்தில் ஊரிலுள்ள இளம் மிருதங்க, வயலின் கலைஞர்களை அழைத்து நாலு நிகழ்ச்சி நடத்துங்கள். நவராத்திரி வரப்போகின்றது; ஒன்பது இரவுக்கும் நிகழ்ச்சி நிரல் போடும் கோயில் சபைகள் இந்த வருடமே இதனைத் தொடங்கலாம். முதல் அழைப்பிதழை எனக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகின்றேன்.